நாலு பாகைத் தண்ணீரில் மச்சாள்

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. பிளோறன்ஸ் மச்சாள்.

"மச்சாள், நாளைக்குக் காலமை என்னை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவீங்களோ? பஸ் போகாத இடம்."

"ஏன், டொக்டரிட்டை ஏதும் டெர்மினோ?"

"ஓம், டெர்மின் மாதிரித்தான். ஏரிக்குப் போகவேணும்."

"இந்தக் குளிருக்க ஏரியில என்ன அலுவல்?"

"உள்ளுக்க இறங்கவேணும்," என்றாள். கடைக்குப் போய்ப் பால் வாங்கவேணும் என்று சொல்லும் அதே குரல்.

யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் அடைத்துப் போவது வருடத்தில் ஒருமுறை நடந்தால் பெரிய காரியம். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்று அடைத்தது. அடைப்பு நீங்கியதும் பேசினேன் பாருங்கள், மூச்சு விடாமல். விசர் பிடித்துவிட்டதா, நாற்பது தாண்டிய மனுசிக்கு இது தேவையா, நெஞ்சு விறைத்துச் செத்தால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப எட்டு மணிக்கு வாறீங்களோ மச்சாள்?" என்றாள்.

பிளோறன்ஸ் என் அண்ணை அம்புறோஸின் மனைவி. மன்னாரில் பேசாலைக்காரி. வீட்டுப் படலையைத் திறந்தால் கடல், தகப்பனுக்குச் சொந்த வள்ளம், ஆனால் அவளுக்கு நீந்தத் தெரியாது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, எனக்கும் தெரியாது. எங்கள் கரையில் கடலுக்குள் குதிப்பது பெடியன்களின் வேலை. பெட்டைகள் முழங்கால் நனைய நின்றாலே தாய்மார் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

எதைக் கேட்டாலும் முதலில் "வேண்டாம்" சொல்லுகிற பிறவி அவள். தேத்தண்ணி குடியும் என்றால் வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போம் என்றால் வேண்டாம். கட்டித் தாறன் என்றாலும் வேண்டாம், ஆனால் கட்டிக் கொடுத்தால் கொண்டுபோய்விடுவாள். ஜெர்மனிக்கு வந்த கொஞ்ச நாளில் ஹனோவரில் ஒரு நீச்சல் மண்டபத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. வருடக்கணக்காக அந்தத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாளே தவிர, அதற்குள் கால் வைக்கவில்லை. பிறகு ஒரு கோடையில், மண்டபம் பூட்டுகிற நேரத்தில், வயதுபோன ஜெர்மன்காரிகளுக்குத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி பழக்குகிற பெண் இவளையும் வா என்று கூப்பிட்டிருக்கிறாள். இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீளக் காற்சட்டையும் ரீசேட்டுமாக இறங்கினாளாம். அடுத்த வருடம் நீந்தினாள். கேள்விப்பட்டபோது நானும் சிரித்தேன், நல்லதுதானே என்றேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்த மண்டபத்துக்குச் சுழியோடிகளின் சங்கம் வரும். ஆழப் பக்கத்தில் தரையோடு தரையாகச் சம்மணம் கட்டி இருந்துகொண்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மூச்சு விட்டுப் பழகுவார்கள். அவர்கள் சிந்திய தண்ணீரைத் துடைக்கவேண்டிய பிளோறன்ஸ் துடைக்கிற தடியில் சாய்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். பழக்குகிறவர் உவே என்ற மனிதர், தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழக விருப்பமா என்று அவர் கேட்க, எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லுகிற என் மச்சாள் "ஓம்" என்றாள்.

"என்ன, முத்துக் குளிக்கப் போறீரோ?" என்று நான் பகிடி பண்ணினேன். சிரித்தாள்.

நீச்சல் மண்டபத்துப் பாடம் எல்லாம் இலையுதிர் காலத்தில் முடிந்தது. சான்றிதழ் கிடைக்க ஏரியில் நாலு தரம் இறங்கிக் காட்டவேண்டும். நவம்பரில் இரண்டு தரம் உவேயின் காரிலேயே போய் இறங்கியும்விட்டாள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மிச்சம் இரண்டும், அவளுக்குக் காய்ச்சல், பிறகு வேலையிடத்தில் ஆள் இல்லை என்று தள்ளித் தள்ளி ஜனவரிக்கு வந்து நின்றன. உவே மாத முடிவில் எகிப்துக்கு வேலைக்குப் போகிறார். இப்போது விட்டால் இல்லை.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது மன்னார்ச் சனம் வள்ளம் வள்ளமாக ராமேஸ்வரத்துக்கு ஓடியது. நான் அதற்கு முன்பே ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். அண்ணை பிளோறன்ஸை முதலில் ஏற்றிவிட்டு, அம்மாவை ஒரு பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த கிழமை வாறன் என்றார். அவர் ஏறிய வள்ளம் வந்து சேரவில்லை. கவிழ்ந்தது என்றார்கள், பிடிபட்டது என்றார்கள், வேறு எங்கோ கரை ஒதுங்கியது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் என் அண்ணையை எப்படிச் செத்தவர் என்று சொல்வேன்? நான் சொல்லவில்லை. ஒருவரையும் சொல்லவிடவுமில்லை.

நவம்பரில் இறந்த ஆத்துமாக்களுக்கான பூசையில் எங்கள் சுவாமியார் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிப்பார். ஒரு வருடம் யாரோ நல்ல எண்ணத்தில் அண்ணையின் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். பூசை நடுவில் எழும்பி நின்று, "அவர் சாகேல்லை சுவாமி!" என்று கத்தினேன். சுவாமியார் திகைத்துப்போய் அடுத்த பெயருக்குத் தாவினார். பக்கத்தில் முழந்தாளில் இருந்த பிளோறன்ஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஆவணியும் கெவலார் மாதா திருவிழாவுக்குப் போய், அண்ணை திரும்பி வரவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துவேன். அவளும் திரியும் கையுமாகப் பின்னால் வருவாள்.

அவளை இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஜெர்மனிக்குக் கூப்பிட்டதும் நான்தான். அண்ணை ஒருநாள் வந்து என் மனுசி எங்கே என்று கேட்டால், இந்தா பத்திரமாக இருக்கிறா என்று காட்டவேண்டும். அதை அவளிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், அன்பாகத்தான்.

அவள் கழுத்தில் தாலிக்கொடி. தடித்த கொடி, எங்கள் ஆட்களின் கொடி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை கொடியைக் கழுத்தில் வைப்பார். பின்னால் நின்று கொடியின் திருகுச்சுரையைத் திருகிப் பூட்டுவது மாப்பிள்ளையின் சகோதரி. பேசாலைக் கோயிலில் அந்தச் சுரையைத் திருகியவள் நான். அதற்குப் பிறகு அது திறபடவில்லை.

சனிக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். நகரத்துக்குத் தெற்கே சரளைக்கல் தோண்டி எடுத்த கிடங்கு, தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. ஓரமெல்லாம் பனித்தட்டு. உவே ஒரு கம்பால் அதை உடைத்து வழி செய்துகொண்டிருந்தார். தண்ணீர் நாலு பாகை என்று எனக்குச் சந்தோசமாகச் சொன்னார். நான் இரண்டு காலுறை, இரண்டு தொப்பி, மேலே என் மகனின் பெரிய கோட்டு, அப்படியும் பல் கிட்டியது.

நவம்பரில் போட்ட உடைக்குள் தண்ணீர் கொஞ்சம் போகும், உடம்புச் சூட்டில் அது இளஞ்சூடாகிவிடும். இந்தக் குளிருக்கு அது சரிவராது. இப்போது தண்ணீரே புகாத உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர், தோலோடு இறுக ஒட்டிப் பிடிக்கும். நகை நட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று உவே சொன்னார். பிளோறன்ஸ் தோட்டையும் காப்பையும் கழற்றி என் கையில் தந்தாள். கை கழுத்துக்குப் போனது, அங்கே நின்றது, இறங்கியது. உடை மாற்றச் சங்கத்து வான் வண்டிக்குள் ஏறினாள். திரும்பி வந்தபோது கொடி எங்கே என்று கண்ணால் கேட்டேன். உள்ளே என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். எனக்கு மனம் குளிர்ந்தது.

உவேயோடு அவளும் இன்னொரு ஜெர்மன் பெட்டையும் இறங்கினார்கள். தலைகள் மறைந்தன. மேலே குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் தேத்தண்ணிப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினேன். செபமாலையில் ஒரு பத்துமணிகூட முடியவில்லை, தண்ணீர் கலங்கி உவேயின் கை வெளியே வந்தது. அவர் இவளை முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அவள் கால்கள் இரண்டும் ஊதிப் பெருத்திருந்தன. உடைக்குள் தண்ணீர். நிற்க முடியவில்லை, கரையில் நின்ற சங்கத்து ஆம்பிளைகள் இரண்டு பேர் தூக்கித்தான் எடுத்தார்கள். உவே உடையின் சிப்பைத் திறந்து அவளைச் சரித்தார், பானையைக் கவிழ்த்ததுபோல் தண்ணீர் கொட்டியது. உதடு கத்தரிக்காய் நிறம். தாடை அடித்த அடியில் ஒரு சொல்லும் வரவில்லை. நான் துவாயால் தேய்த்தேன், அழுதேன், பேசினேன், மூன்றையும் ஒன்றாகச் செய்தேன்.

உவே அந்தக் கழுத்து ரப்பரைத் தடவிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையுறை விரலுக்கு நடுவில் ஒரு சட்டைப்பின். திறந்த சட்டைப்பின்.

எங்கள் பெண்கள் தாலிக்கொடியில் இரண்டு மூன்று சட்டைப்பின் கொழுவி வைத்திருப்பார்கள். சேலை நழுவினால் உதவும், காலில் முள் குத்தினால் உதவும். பிளோறன்ஸும் ஜெர்மனியிலும் அதை விடவில்லை. கொடி பாரம், உள்ளே ஆடும் என்று பயந்து, அதைச் சுருட்டிக் கழுத்தோடு உயர்த்தி, உள்சட்டைக் கழுத்தில் அந்தப் பின்னாலேயே குத்தியிருக்கிறாள். ஆழத்தில் உடை இறுகியதும் பின் திறந்து ரப்பரைக் கிழித்துவிட்டது.

"தீயணைப்பில் எத்தனையோ கண்டேன்," என்றார் உவே. முகம் வெளுத்திருந்தது. "தண்ணீருக்குக் கீழே ஊசியோடு போன ஆளை இன்றுதான் காண்கிறேன். இந்தச் சங்கிலியை ஏன் கழற்றவில்லை?"

நான்தான் பதில் சொன்னேன். "இது கல்யாணச் சங்கிலி. புருசன் இருக்கும்வரைக்கும் கழற்றக்கூடாது."

"சரி," என்றார் அவர். மரியாதையான மனிதர். "அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை புருசனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கட்டும். கழுத்தில் இது இருந்தால் நான் உங்களை இறக்கமாட்டேன். அடுத்த சனிதான் கடைசி."

பிளோறன்ஸ் துவாய்க்குள் நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

காரில் சூட்டை உச்சத்தில் விட்டேன். பயம் தெளிந்ததும் எனக்குச் சந்தோசம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். "பாத்தீரோ மச்சாள்? அந்தக் கொடியே உம்மை மேல இழுத்துப் போட்டுது. அண்ணை எங்கயோ இருந்துகொண்டு உம்மைக் காப்பாத்தினவர். இதோட இந்த விசர் வேலையை விடும்."

"மச்சாள், காரை ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்கோ."

சத்தி எடுக்கப் போகிறாளாக்கும் என்று பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பினேன். அவள் கதவைத் திறக்கவில்லை.

"அவர் செத்திட்டார் மச்சாள்."

"வாயைப் பொத்தும்!"

"எனக்குத் தெரியும். மண்டபம் முகாமில இருக்கேக்கையே தெரியும். அவரோட அந்த வள்ளத்தில வந்த கிறிஸ்ரியன் அண்ணை தப்பினவர். என்னைத் தேடி வந்து சொன்னவர். வள்ளம் பிரண்டாப்பிறகு ரெண்டு பேரும் ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு இரவு முழுக்கக் கிடந்தவையாம். விடியேக்க இவற்ற கை விட்டுப்போச்சுதாம். கீழ போனதைக் கிறிஸ்ரியன் அண்ணை கண்ணால கண்டவர்."

என் கை ஸ்ரேரிங்கில் இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்று நினைத்தேன், எடுபடவில்லை. முன்னால் ஒரு மனிதர் காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகினார், கையைத் துடைத்தார், உள்ளே போனார். அவர் செய்த ஒவ்வொன்றும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. என் அண்ணை பதின்மூன்று வருடத்துக்கு முன்பே செத்துவிட்டார், எனக்கு இப்போதுதான் பெற்றோல் நிலையத்தில் சொல்கிறார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். கார் கண்ணாடி அதிர்ந்தது. "ஏனடி சொல்லேல்லை?" அவளை நான் அதற்கு முன் 'அடி' போட்டுப் பேசியதே இல்லை.

"மாமிக்கு அப்ப இருதய வருத்தம். கேட்டா அவவும் போயிடுவா எண்டு கிறிஸ்ரியன் அண்ணையிட்டைச் சத்தியம் வாங்கினனான். மாமி கண்ணை மூடினாப்பிறகு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். அதுக்கு முதலே நான் இஞ்ச வந்திட்டன். விமான நிலையத்தில என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நீங்கள் என்ன சொன்னனீங்கள், ஞாபகம் இருக்கோ? அண்ணை வந்து கேட்டாக் காட்டத்தான் உம்மைக் கூப்பிட்டனான் எண்டு சொன்னனீங்கள். அவர் வரமாட்டார் எண்டு நான் சொன்னால், பிறகு நான் உங்களுக்கு ஆர்?"

எனக்கு இரண்டாவது தரமும் வாய் அடைத்தது. "அப்ப இந்தத் தண்ணி? இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அவர் போன இடம் எப்பிடி இருக்குமெண்டு தெரியவேணும். ஒவ்வொரு நாளும் அந்த நீச்சல் மண்டபத்தில தண்ணியைத்தானே பாக்கிறன். பாக்கப் பாக்க அதே யோசினை. அடியில இருட்டோ? என்ன தெரிஞ்சிருக்கும் அவருக்கு? அங்க லைற் போட்டு வைச்சிருக்கினம். நவம்பரில போனது மேலாலதான். மிச்சம் ரெண்டும்தான் ஆழம்."

அவளை வீட்டு வாசலில் இறக்கினேன். போய்ட்டு வாறன் என்று அவள் சொல்லி முடிக்க முன்பே காரை எடுத்தேன்.

அந்தக் கிழமை எப்படிப் போனது என்று தெரியாது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒரே சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன், கிழவிகள் எல்லாம் கரண்டியை வைத்துவிட்டார்கள். கோபம் எனக்கு. கெவலாரில் நான் மெழுகுதிரி கொளுத்தும்போது பின்னால் திரி பிடித்துக்கொண்டு நின்றாளே! சுவாமியாரோடு நான் சண்டை பிடித்தபோது பக்கத்தில் முழந்தாளில் இருந்தாளே! கோபத்தின் நடுவில் இன்னொன்றும் வந்து வந்து குத்தியது. இவள் எப்போது அழுதாள்? ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் காணவில்லை. அழுதால் நான் கேட்பேன். கேட்டால் சொல்லவேண்டி வரும்.

சனிக்கிழமைக்கு அவள் கூப்பிடவில்லை. நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனாலும் எட்டு மணிக்கு அவள் வீட்டு வாசலில் என் கார் நின்றது. கொடியைக் கழற்றிவிட்டாளா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பையோடு நடைபாதையில் நின்றாள். கோட்டுக் கழுத்துக்குள்ளால் கொடி தெரிந்தது. ஒரு கிழமை முழுக்க அவளுக்கு நேரம் இருந்தது, கழற்றவில்லை.

ஏரியில் பனி இன்னும் தடித்திருந்தது. உவே புது உடை ஒன்று கொண்டு வந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "புருசன் வரவில்லையா?" என்று கேட்டார்.

பிளோறன்ஸ் என்னிடம் வந்தாள். கோட்டைக் கழற்றினாள். எனக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, ஒரு கையால் தலைமயிரை அள்ளி மேலே தூக்கினாள்.

"பூட்டினது நீங்கள் மச்சாள். எனக்குத் தனியக் கழட்ட ஏலாது."

"எனக்கும் ஏலாது," என்றேன். பொய் இல்லை, ஏலாது. அந்தச் சுரையை நான் திருகினால் என் அண்ணை செத்துவிடுவார். பெற்றோல் நிலையத்தில் கேட்டது வெறும் வாய்ச்சொல், இனி ஒருநாள் மறுத்துப் பேசலாம். இது கை செய்கிற காரியம், இதைப் பிறகு மறுக்க முடியாது. "நீர் கேக்கிறது எனக்கு ஏலாது மச்சாள். வாரும், வீட்டை போவம்."

அவள் கெஞ்சவில்லை, திரும்பவுமில்லை. மயிரைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். அந்தப் பிடரி எனக்கு நேரே இருந்தது. கொடி கிடந்த இடம் மட்டும் வெளிறி ஒரு கோடு. மற்றத் தோல் எல்லாம் குளிரில் புல்லரித்து, பிறகு மெல்ல மெல்ல நீலம் பாரித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு காலமும் எனக்காகச் சுமந்த கழுத்து. அதற்குமேல் பார்க்கப் பொறுக்கவில்லை.

கையுறையைக் கழற்றினேன். சுரை அசையவில்லை. வாயால் ஊதிச் சூடாக்கினேன், மறுபடி பிடித்தேன், நகம் உடைந்தது. பிறகு திருகுப்பட்டது. கொடி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது, அவள் உடம்புச் சூட்டோடு.

அவள் தண்ணீருக்குள் போனாள். நான் கொடியைக் கையுறைக்குள் வைத்து மூடிக்கொண்டு குமிழியைப் பார்த்தபடி நின்றேன். செபம் ஒன்றும் வரவில்லை. வந்தாள், சூப் குடித்தாள், மறுபடியும் போனாள். இரண்டாம் தரம் குமிழிகள் ஏரியின் நடுப்பக்கமாகப் போய்விட்டன, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கையுறைக்குள் கொடி குளிர்ந்துகொண்டு போனது. அண்ணையும் இப்படித்தான் குளிர்ந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி ஒரு நினைவை நான் என் மனதுக்குள் விட்டது அதுதான் முதல் தரம்.

அவள் கரையேறியபோது உவே கைகொடுத்து, சித்தியடைந்துவிட்டீர்கள் என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். அவள் முதுகுப் பாரத்தை இறக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். முகம் முழுக்கச் சிவந்து விறைத்திருந்தது.

"என்ன கண்டனீர்?" என்று கேட்டேன்.

"அடியில இருந்து முகக்கண்ணாடியைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் போடவேணும், அதுதான் கடைசிச் சோதினை. கண்ணை மூடிக்கொள்ளத்தான் உவே எல்லாருக்கும் சொல்லுறவர். நான் மூடேல்லை. முழிச்சு மேல பாத்தன் மச்சாள். குளிர் கத்தியால வெட்டினமாதிரி. ஆனா இருட்டில்லை. மேல வெளிச்சம் தெரியுது, பச்சையா, பெரிசா. அவர் விடியேக்கதானே போனவர். அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

நான் கையுறையைத் திறந்து கொடியை நீட்டினேன். அவள் தன் ரப்பர்க் கையால் என் விரல்களை மடக்கி மூடினாள். "உங்கட அண்ணையின்ர. நீங்களே வைச்சிருங்கோ. நான் மண்டபம் முகாமிலயே அழுது முடிச்சிட்டன் மச்சாள். இனி நீங்கள் அழுங்கோ."

"ஐயோ என்ர அண்ணை!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே முதலில் தெரியவில்லை. பனிக்குமேல் இருந்துகொண்டு, செத்த வீட்டில் எங்கள் பெண்கள் அழுகிற அழுகையை அழுதேன், நெஞ்சில் அடித்து, பெயர் சொல்லி. பதின்மூன்று வருடத்து அழுகை, அதற்கு அந்த ஏரி காணாது. ஜெர்மன்காரர் எல்லாரும் அதிர்ந்துபோய்ச் சூப்புக் கோப்பையும் கையுமாக நின்றார்கள். உவே முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன நடந்தது? எங்கே அடி பட்டது?"

"அடி இல்லை," என்றாள் பிளோறன்ஸ் அவருக்கு. "இவருடைய அண்ணன் செத்துவிட்டார்."

"கடவுளே! எப்போது?"

பிளோறன்ஸ் என்னைப் பார்த்தாள். "இன்றைக்கு," என்றாள்.

உவே தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பக்கத்தில் குந்தி, என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். இப்படியான நேரத்தில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, சொந்தக்காரர் யாரும் இருந்தால் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார்.

நான் பிளோறன்ஸின் ஈரக் கையை எட்டிப் பிடித்தேன்.

"கூப்பிடத் தேவையில்லை," என்றேன். "இந்தா, என்ர மச்சாள் நிக்கிறா."